பழத்தின் மேல் படிந்த வெள்ளை

கேரளத்துக் கட்டப்பனையில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழக்கடை. நனைந்த குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண், பன்னீர் திராட்சைக் கொத்து ஒன்றைக் காம்பைப் பிடித்துத் தூக்கினார். கட்டைவிரலால் ஒரு பழத்தைத் தேய்த்தார். சாம்பல் தூவினாற்போல் மேலே படிந்திருந்த வெள்ளை விலகி, அடியிலிருந்து கருநீலம் பளபளத்தது. விரலைத் தன் மகளிடம் நீட்டினார்.

"கண்டோ? விஷமாணு. கையில் ஒட்டுந்நது நோக்கு."

அந்தச் சின்னப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினாள். கொத்து தட்டில் விழுந்தது. இருவரும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு மழைக்குள் போனார்கள். கப்பலேறி வந்த, மெழுகு பூசிய, முகம் பார்க்கலாம் போல மினுங்கிய ஆப்பிள்.

நான் கடைக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கொத்து கம்பத்தை அடுத்த கூடலூரில் என் அத்தையின் தோட்டத்தில் முந்தின நாள் வெட்டியது. பிக்கப் வண்டியில் பெட்டிகளோடு மலையேறி வந்தவன் நான். ஓடிப்போய் அந்த அம்மாவை நிறுத்தி, "அது விஷமில்லைங்க, பழம் தனக்குத் தானே போட்டுக்கிற மெழுகுங்க" என்று சொல்ல வாய் வந்தது. கால் வரவில்லை. ஏனென்றால் அதற்குள் வேறொன்று மண்டையில் அடித்துவிட்டது.

எங்கள் ஊரில் அந்த வெள்ளைதான் பழத்தின் மரியாதை. வெட்டுக்கு வரும் பெண்கள் காம்பை மட்டும்தான் தொடுவார்கள். வெள்ளை கலையாமல் பெட்டியில் இறங்கினால்தான் பழம் புதுசு, கை படாதது. கலைந்திருந்தால் கம்பம் சந்தையில் வியாபாரி உதட்டைப் பிதுக்குவார். அதே வெள்ளை, ஒரு மலையைத் தாண்டியதும் விஷமாகிவிட்டது. பழம் மாறவில்லை. வழியில் யாரும் எதையும் கலக்கவில்லை. பார்க்கிற கண் மட்டும் மாறியிருக்கிறது, விலையை அந்தக் கண்தான் போடுகிறது.

நான் மதுரையில் அரசியல் படித்தவன். ஒரு நாடு பயந்துபோய்த் தன் எல்லையில் வேலி போடும். பக்கத்து நாடு அந்த வேலியைப் பார்த்து, சண்டைக்குத்தான் தயாராகிறான் என்று படையை நகர்த்தும். முதல் நாடு, பார்த்தீர்களா, நாம் பயந்தது சரிதான் என்று சொல்லும். இதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் நண்பன் வீட்டில் நேரிலும் பார்த்திருக்கிறேன். வளைகுடாப் பக்கம் ஏதோ சண்டை வரப்போகிறது என்று டிவியில் ஓடும். ஒரு குண்டும் விழுந்திருக்காது, ஒரு கப்பலும் நின்றிருக்காது. ஆனால் அன்றைக்கு மத்தியானமே ஏலக்காய் விலை இறங்கிவிடும். செடிக்கு அந்தச் செய்தி தெரியாது. வாங்குகிறவனுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதெல்லாம் பெரிய மனிதர்கள் விவகாரம் என்று நினைத்திருந்தேன். இப்போது அதே சமாச்சாரம் எங்கள் அத்தையின் திராட்சைக் கொத்து வடிவத்தில் தட்டில் கிடந்தது.

கடைக்காரச் சேட்டன் பல வருஷமாக அத்தையிடம் பழம் எடுப்பவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். திராட்சைக்கு அவர் வாயில் முந்திரி என்றுதான் வரும். என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

"மோனே, ஒரு வீடியோ சுத்துந்நு. கம்பம் முந்திரியில விஷம்னு. எனிக்கு அறியாம் அது பொய்யின்னு. ஆனா வர்றவககிட்ட நான் வாதம் பண்ணவா, வியாபாரம் பண்ணவா? அடுத்த தடவை பாதி கொண்டு வா. அது மதி, போதும்."

ஒரு பிக்கப் வண்டிக்குப் பாதி என்பது சின்ன வார்த்தைதான். அத்தைக்கு அது அப்படி இல்லை.

மாமா போன பிறகு அந்தத் தோட்டத்தை அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் கொடி படர்ந்த பந்தல். நிலம் பாகம் பிரிக்காதது. மாமாவின் தம்பி, எனக்குச் சின்ன மாமா, வெகுநாளாகப் பந்தலை அறுத்துவிட்டு நிலத்தை மனைகளாகப் போட வேண்டும் என்கிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முட்டி தேய்ந்துவிட்டது, வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, அவர் பிள்ளைகள் கோயம்புத்தூரைவிட்டு வரப்போவதில்லை. கடைசியில், இந்த வெட்டு தொடங்குவதற்கு முன் அத்தை முன்னால் உட்கார்ந்து ஒரு முடிவு சொன்னார்:

"மதினி, இந்த வெட்டு ஒழுங்கா போச்சுன்னா பந்தல் நிக்கட்டும். நான் வாயே தொறக்கல. போகலேன்னா அறுத்துருவோம். அதுக்கப்பறம் நீங்களும் வாயத் தொறக்கக் கூடாது."

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நீ வாயத் தொறக்காம இருப்பேங்கிறதுக்காகவே இந்த வெட்டு நல்லா போகணும்ப்பா" என்றார்.

அதனால் அந்த வெட்டு எங்களுக்கு வெறும் வெட்டு இல்லை. கட்டப்பனையிலிருந்து திரும்பும்போது, காலிப் பெட்டிகள் பின்னால் தடதடக்க, என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பயமும் இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் உற்சாகமும் இருந்தது. பொய் ஒன்று பரவியிருக்கிறது, என்னிடம் உண்மை இருக்கிறது, எடுத்துச் சொன்னால் தீர்ந்தது என்று நம்பினேன்.

மறுநாளே பந்தலுக்குக் கீழே நின்று ஒரு வீடியோ எடுத்தேன். கூடலூர்க்காரனின் மலையாளத்தில், இது பழத்தின் இயற்கை மெழுகு, பிஞ்சிலிருந்தே இருக்கும், பழம் வாடாமல் காக்கும் என்று விளக்கினேன். கொடியிலேயே ஒரு பழத்தைத் தேய்த்துக் காட்டினேன், வாயில் போட்டுத் தின்றேன். அத்தை தூரத்திலிருந்து, "ஏலே, கல்யாண வீடியோ மாதிரி நெளியாம நில்லுலே" என்று சத்தம் போட்டது அதில் பதிவாகிவிட்டது. அதை வெட்டாமலே போட்டேன். உண்மைத்தன்மை இருக்கட்டுமே!

பதில்கள் வந்தன. 'தோட்டக்காரன் தன் பழத்தை விஷம்னா சொல்லுவான்?' 'ஒரு பழம் தின்னா சாக மாட்டே, தினமும் தின்னு பாரு.' மூன்றாவதாக ஒருவர் என் வீடியோவை நடுவில் நிறுத்திப் படமாக எடுத்திருந்தார். என் தோளுக்குப் பின்னால், தூரத்தில், பக்கத்துத் தோட்டத்துக்காரர் முதுகில் விசைத் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ஒரே வரி: 'அப்போ பின்னாடி நடக்கிறது என்ன, அபிஷேகமா?'

என் வீடியோவைவிட அந்தப் படம் வேகமாக ஓடியது. அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"அந்தாளு எப்பவுமே நேரங்கெட்ட நேரத்துலதான் அடிப்பாரு" என்றார். பிறகு சிரிக்காமல், "நீ சொன்னதும் நெசம். அவுக வட்டம் போட்டதும் நெசந்தானலே" என்றார்.

அப்போது எனக்கு அந்த இரண்டாவது வாக்கியம் காதில் நிற்கவில்லை. எதிர்ப்பதில் எழுதும் அவசரத்தில் இருந்தேன்.

இதற்குள் ஊரில் இன்னொரு கண் திறந்துகொண்டது. கூடலூர் டீக்கடையில் விஷயம் பழத்தைப் பற்றியதாகவே இல்லை.

"இது பழச் சண்டை இல்லப்பா. அணைச் சண்டை. தண்ணியில கை வைக்க முடியல, வயித்துல கை வைக்கிறாக."

"மழை வந்தாப் போதும், அணை ஒடையுது ஒடையுதுன்னு அங்கன கூப்பாடு. அது ஓயும்போது இது."

"வீடியோ எடுத்தவன் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"யாரா இருந்தா என்ன? யாரு எடுக்கச் சொன்னதுன்னுதான் பாக்கணும்" என்றார் டீ ஆற்றுகிறவர். கடை முழுக்கத் தலையாட்டியது.

அணை மலைமேல் கேரளத்தில் இருக்கிறது, தண்ணீர் இறங்குவது எங்கள் பள்ளத்தாக்குக்கு; நானும் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவன்தான். அது வராத வருஷத்தில் இந்தப் பள்ளத்தாக்கு என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலைக்கு அந்தப்பக்கம், அணைக்குக் கீழே வீடு கட்டியிருப்பவர், ராத்திரி மழை பலக்கும்போது கண்மூட மாட்டார். எங்களுக்குத் தண்ணீர் வராதோ என்று பயம், அவர்களுக்குத் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயம். இதில் எந்தப் பயமும் நடிப்பில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கமும் தன் பயத்தைத்தான் பயம் என்கிறது, அடுத்தவர் பயத்தைச் சூழ்ச்சி என்கிறது. எங்கள் திராட்சை, பாவம், அந்த ரெண்டுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது.

கட்சிக்காரர் ஒருவர் வந்தார். ஜீப்பின் மேல் ஏறி மைக் பிடித்தார். நம்ம பழத்தை அங்கே விடாதவர்களுக்கு நம்ம காய்கறி எதற்கு, பால் எதற்கு, அரிசி எதற்கு என்று கேட்டார். கைதட்டல். மறுநாள் காலை, கேரளத்துக்கு ஏறுகிற குமுளி ரோட்டில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மேலே போகிற லாரி, ஜீப் எல்லாம் நின்றன. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் நிறைந்த ஜீப்பும் நின்றது. அதிலிருந்து ஒரு அம்மா தலையை நீட்டினார்.

"ஏப்பா, நீங்க அவுகள மறிக்கிறீகளா, என்னைய மறிக்கிறீகளா? எனக்கு மேல போனாத்தான சோறு!"

"ஒரு நாளைக்குத்தானத்தா. நம்ம உரிமைக்கு."

"உரிமைய நீ வச்சுக்க. எனக்கு வண்டிய விடு."

சிரிப்பு எழுந்தது, வழி திறக்கவில்லை. எங்கள் பிக்கப்பும் அந்த வரிசையில்தான் நின்றது. கேரளக்காரர்கள் நம் பழத்தை வாங்கவில்லை என்பதற்காக, வாங்க ஒத்துக்கொண்ட ஒருவருக்குப் போகிற பழம் நடுரோட்டில் வெயில் தின்றுகொண்டிருந்தது. இறங்கிப்போய் மறியலில் இருந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவரும் திராட்சைக்காரர்தான். "தெரியும் தம்பி, என் வண்டியும் பின்னாடி நிக்கிது" என்றார். எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை கடைக்காரச் சேட்டன் போனில் கூப்பிட்டார். அங்கே டிவியில் ஒரே காட்சியாம்: தமிழ்நாட்டுக்காரர்கள் அரிசியும் காய்கறியும் மறிக்கிறார்கள், அணை விஷயத்தில் நம்மைப் பட்டினி போட்டுப் பணிய வைக்கப் பார்க்கிறார்கள். "மோனே, இங்க யாரும் முந்திரியப் பத்திப் பேசல. டேம், டேம், அதுதான்" என்றார். எங்கள் டீக்கடையில் கேட்ட அதே பேச்சுதான், மலைக்கு அந்தப்பக்கம். யாரோ எங்கோ பொழுதுபோகாமல் எடுத்த ஒரு வீடியோவுக்கு இரண்டு மாநிலமும் சேர்ந்து ஒரு பெரிய மூளையைக் கற்பித்துவிட்டன. நான் படித்த பாடம் தப்பில்லாமல் அப்படியே நடந்தது. ஆனால் பாடத்தில் பழம் அழுகுகிற வாடை வராது.

மறியல் ஓய்ந்த பிறகு திராட்சைக்காரர்கள் கூடினோம். என்ன செய்வது என்பதில் பெரிய விவாதமே நடக்கவில்லை. ஒருவர் சொன்னார்: "வெள்ளையப் பாத்துத்தான பயப்படுறாக? வெள்ளையே இல்லாம அனுப்புவோம். கழுவித் தொடைச்சு."

அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், அந்த வெள்ளை போனால் பழம் தாங்காது. தண்ணீர் பட்ட கொத்து உள்ளுக்குள் புழுங்கும், தோல் வெடிக்கும். எங்கள் ஊர் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அத்தைதான் வாய்திறந்தார்.

"வெள்ளை போனா பழம் எத்தனை பொழுது நிக்கும்?"

"கட்டப்பனை போற வரைக்கும் நிக்கும்லக்கா?" என்றார் யோசனை சொன்னவர். " அதுக்கப்பறம் அவுக பாடு."

"அவுக பாடா? திருப்பி நம்ம பாடுதான் வரும்."

"அப்ப நீங்க ஒரு வழி சொல்லுங்க."

அத்தையிடம் வழி இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் இன்னொரு வீடியோ. அதை யாரும் கேட்கக்கூட இல்லை. தெரியாமல் செய்கிற தப்பை யாராவது சொல்லித் திருத்தலாம். நாங்கள் தெரிந்தேதான் செய்தோம். பழத்தைப் பற்றி நாங்கள் அறிந்ததைவிட, பழத்தைப் பற்றி அவர்கள் நினைப்பது பெரிதாகிவிட்டது.

பம்புசெட் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, கொத்துக் கொத்தாக முக்கி எடுத்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, சாக்கு விரித்து உலர்த்தினார்கள். இத்தனை வருஷமாகக் காம்பை மட்டுமே தொட்டுப் பழகிய பெண்கள், பழம் பழமாகத் தேய்த்துத் துடைத்தார்கள். கேலி பறந்தது.

"ஏக்கா, தல தீவாளிக்கு மருமகனக் குளிப்பாட்டுறாப்புல இருக்கு."

"என் மருமகன் இம்புட்டு மினுக்க மாட்டாரு. இது பொண்ணு பாக்க வர்றாகன்னு பவுடர் போட்ட முகம்."

"பவுடரத்தான்டி நாம கழுவிக்கிட்டிருக்கோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை ஒரு கொத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிளாஸ்டிக் மாதிரிப் பளபளத்தது. "எனக்கென்னமோ பொணத்தக் குளிப்பாட்டி வச்ச மாதிரி இருக்குடி" என்றார். சிரிப்பு நின்றது. வேலை நிற்கவில்லை.

முதல் வண்டி நன்றாகப் போனது. சேட்டன் சந்தோஷமாகப் போன் செய்தார். வந்தவர்கள் கையால் தேய்த்துப் பார்த்தார்களாம், விரலில் ஒன்றும் ஒட்டவில்லையாம், வாங்கிக்கொண்டு போனார்களாம். சின்ன மாமாகூட அன்று அத்தையிடம், "நம்ம மருமகன் படிச்ச படிப்பு வீண் போகல" என்றார். அந்த யோசனை என்னுடையது இல்லை என்று சொல்ல நினைத்தேன். பந்தல் பிழைத்துவிட்டது என்கிற நிம்மதியில் அதுவும் பெரிதாகத் தெரியவில்லை. மிச்சத்தை எல்லாம் அடுத்தடுத்து வெட்டிக் கழுவி அனுப்பினோம்.

மலைமேல் மழை விடவில்லை. தார்ப்பாய்க்குள் பெட்டிகள் வெந்தன. கட்டப்பனையிலும் சுற்றுவட்டக் கடைகளிலும் இறக்கியபோதே சில கொத்துகள் கசிந்தனவாம். அடுத்த நாள் பார்த்தால் பழம் வெடித்து, சாறு ஒழுகி, பூசணம் பிடித்து, ஈ மொய்த்தது. ஒரு கடையில் யாரோ பெட்டியைத் திறந்து வீடியோ எடுத்துவிட்டார்கள். அதில் பேசுகிறவர் கத்தவில்லை, திட்டவில்லை. நிதானமாக ஒரு கேள்விதான் கேட்டார்: "கழுவி அனுப்புறாங்கன்னா, கழுவ வேண்டியது ஏதோ அதுல இருந்திருக்கு, இல்லையா?"

வெள்ளையோடு அனுப்பினால் வெள்ளை சாட்சி. வெள்ளை இல்லாமல் அனுப்பினால், இல்லாத வெள்ளை சாட்சி. நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தப் பதிலும் எழுதவில்லை.

சேட்டன் நேரிலேயே வந்தார். அவர் வந்ததே எங்களுக்கு ஆச்சரியம். பஸ் பிடித்து இறங்கி, ஊருக்குள் நடந்து, பந்தலுக்குக் கீழே வந்து நின்றார். டீக்கடையில் சிலர் அவரை முறைத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அத்தை காபி கொடுத்தார். இனிமேல் தன்னால் எடுக்க முடியாது, கடையில் இந்தப் பழத்தை வைத்தாலே மற்றப் பழமும் போகாது என்று சொல்லத்தான் வந்திருந்தார். போனில் சொல்ல மனசு வரவில்லையாம். சொல்லி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"சேச்சி, ஒண்ணு கேட்டா வெஷமம் தோணக்கூடாது" என்றார். வருத்தப்படக் கூடாது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். "வீட்டுப் பிள்ளைக எந்தக் கொடியில பறிச்சுத் திங்கும்?"

அத்தையின் கண் முந்திக்கொண்டு அங்கே போய்விட்டது. கிணற்றடியில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், இரண்டு கொடிகள் தனியாக நிற்கும். அதற்கு மருந்து அடிப்பதில்லை. பூச்சி விழும், பாதி சொத்தையாகும், மிச்சம் வீட்டுக்கு. எங்கள் பக்கத்தில் பல தோட்டங்களில் இப்படி ஒரு ஓரம் உண்டு. இதை யாரும் ஒளித்ததில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றியதில்லை. நான் சின்ன வயதிலிருந்து அந்தக் கொடியில்தான் தின்றிருக்கிறேன். வீடியோவில் தின்ற அந்த ஒரு பழம்தான், எனக்கு நினைவு தெரிந்து, பந்தல் பழத்தைக் கழுவாமல் நான் தின்றது.

"அங்கன. கிணத்தடியில" என்றார் அத்தை.

சேட்டன் தலையை ஆட்டினார். நாங்கள் வெட்கப்படும்படி அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனிக்கும் மேல கொஞ்சம் ஏலம் உண்டு" என்றார். "எம்புட்டு அடிக்கிறோம்னு கேட்டா நீங்க பயந்துபோவீக. அடுக்களைக்குப் பின்னாடி நாலஞ்சு செடி தனியா நிக்கும். பாயசத்துக்கு அதுதான்."

அத்தை அவரைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. அவர்கள் ஏலக்காய் இங்கே வருகிறது, எங்கள் திராட்சை அங்கே போகிறது, இரண்டு பேர் வீட்டுப் பிள்ளைகளும் ஓரத்துச் செடியில் தின்கிறார்கள்.

அந்தக் கட்டப்பனைப் பெண் வெள்ளையைப் பார்த்துப் பயந்தது தப்புதான். ஆனால் எங்களைப் பார்த்துப் பயந்தது தப்பு என்று அதற்குப் பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. பொய்யான ஒன்றைச் சுட்டிக்காட்டி, நிஜமான ஒன்றைப் பற்றிப் பயந்திருக்கிறார். நான் அந்தப் பொய்யைத்தான் விழுந்து விழுந்து மறுத்தேன். நிஜத்தின் பக்கம் திரும்பவே இல்லை. நாடுகளும் இப்படித்தானா என்று தெரியவில்லை. எல்லையில் தெரிகிற வேலியைப் பற்றி வாதாடிக்கொண்டே, வீட்டுக்குள் இருக்கிற கத்தியைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகிறார்களோ என்னவோ.

சின்ன மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அத்தையும் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. ஆட்கள் வந்து அடிமரத்தில் ரம்பம் வைத்தார்கள். திராட்சைக் கொடியை அறுத்தால், வெட்டுவாயிலிருந்து தண்ணீர் சொட்டும். கொடியைக் கழித்துவிடும் கவாத்தின்போது நுனியில் சொட்டும், பார்த்திருக்கிறேன். அடியில் அறுத்தபோது எப்படி வடிந்தது என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. மேலே படர்ந்திருந்த கொடிக்கு அன்று முழுவதும் விஷயம் தெரியவில்லை. மறுநாள்தான் இலை துவண்டது. கம்பிகளைச் சுருட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கல்லுக்கால்களை மெஷின் பிடுங்கிப் படுக்க வைத்தது. பந்தலுக்குக் கீழே எப்போதும் இருந்த நிழல் போய், அந்தத் தரை வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. அளக்கிறவர்கள் வந்து ஆப்பு அடித்துவிட்டுப் போனார்கள்.

டீக்கடையில் இன்றைக்கும் கேட்டால், கேரளக்காரர்கள் அறுத்த பந்தல் என்றுதான் சொல்வார்கள். சின்ன மாமா காதில் விழும்படியே சொல்வார்கள். அவரும் ஆமாம் போடுவார்.

எல்லாம் போகவில்லை. மாமா தன் பேரில் தனியாக வாங்கியிருந்த ஒரு துண்டு, கிணற்றை ஒட்டியது, பாகத்துக்குள் வராது. அதில் கொஞ்சம் பந்தல் நிற்கிறது. அதையும் விற்றுவிட்டு தேனியில் இருக்கிற மகளிடம் போய்விடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஒருமுறை சொன்னேன்.

"ஏலே மருமகனே, தேனியில போயி நான் என்னத்தப் பாத்துக்கிட்டிருக்க? பஸ்ஸையா?" என்றார் அத்தை. பிறகு தனக்குள் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார். இருக்கிற பந்தலில் காய் நிறம் மாற ஆரம்பித்ததற்கு அப்புறம் மருந்து கிடையாது. அதற்கு முன்னாலும், முடிந்த வரைக்கும் குறைவாக. மழை சேர்ந்து பிடித்தால் நோய் விழும், மொத்தமும் போனாலும் போகும். போகட்டும். சேட்டன் சொல்லாமல் கொள்ளாமல் எந்த நாளும் வந்து பார்க்கலாம். "நீ போனத் தூக்கிக்கிட்டு வராத" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

"சேட்டனே நம்புவாரா அத்தை?"

"அவரு நம்புறது இருக்கட்டும். மொதல்ல நாம நம்புறமான்னு பாக்கணும்ல."

அதற்குப் பிறகுதான் கிணற்றடியைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னார். வீட்டுக்கு என்று தனிக் கொடி இனிமேல் கூடாது. பந்தலில் விளைவதைத்தான் நம் பிள்ளைகளும் தின்ன வேண்டும், பயமாக இருந்தால் பயந்துகொண்டே மருந்தைக் குறைக்க வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை கவாத்து. அதற்கு முன்னால் அந்த இரண்டு கொடிகளையும் அடியோடு வெட்ட வேண்டும். சின்ன மாமாவைக் கேட்டேன், அது பிள்ளைகள் தின்ற கொடி, தன்னால் முடியாது என்றுவிட்டார். அத்தை அரிவாளைத் தீட்டக் கொடுத்துவிட்டார். நான்தான் வெட்டப்போகிறேன். மழை எப்படியும் வரும்.